ஆர்வில் ஹாஸ்கின்ஸின் குளோசப்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் துக்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையான காரணம் எரிச்சல். போன மார்ச் மாதம் ஆர்வில் ஹாஸ்கின்ஸ் இறந்துபோனார். லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை ஒன்று உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி போட்டிருந்தது. பெயர் சரி, வயது சரி, பர்பாங்க்கில் வசித்தார் என்பதும் சரி. மேலே போட்டிருந்த படம் மட்டும் என்னுடையது.

காபிக் கோப்பையோடு நின்றுகொண்டே என் சாவை நானே வாசித்தேன். பிறகு பத்திரிகைக்குப் போன் போட்டேன்.

"அந்தப் படத்துல இருக்கறது ஹாஸ்கின்ஸ் இல்லம்மா."

"நீங்க அவருக்குச் சொந்தமா சார்?"

"இல்ல. அந்தப் படத்துல இருக்கறவனே நான்தான். லெஸ்டர் புல்லக்."

"அப்ப செத்துப்போனது யாரு?"

"ஹாஸ்கின்ஸ்தான்."

"அப்ப செய்தி சரிதானே சார்?"

செய்தி சரிதான். அதற்கு மேல் அவளிடம் என்ன சொல்ல? முகத்தைக் காட்டிப் பிழைத்த மனுஷனுக்குத் தன் முகத்தோடு சாகக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

(முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. இந்த ஊரில் அது எப்போது பெய்கிறது? அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்: "ஆர்வில் ஹாஸ்கின்ஸ் ஒரு மகத்தான நடிகர்." இதையும் அடித்தேன். அவர் மகத்தான நடிகரா இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள் இந்த உலகத்தில் ஒரு பத்துப் பேர் இருப்போம். ஒரு மத்தியானம் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள். மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்தது. நல்ல தொடக்கம் என்று சொல்ல மாட்டேன், நடந்தது.)

2

என்னைப் பற்றி ஒரே பத்தி, பிறகு நான் ஓரமாகப் போய்விடுகிறேன். அதுதான் எனக்குப் பழக்கம். சினிமாவில் நான் ஹோட்டல் குமாஸ்தா, ஜூரி, டாக்டர். ஆர்வில் தந்தி அலுவலகக் குடிகாரர், துணை ஷெரிஃப், பண்ணையார். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே வழுக்கை, ஒரே மாதிரி தொங்கும் கன்னம். எங்களைக் கூப்பிடும் ஆபீஸில் அவருக்கு வந்த வேஷத்துக்கு என்னையும் எனக்கு வந்த வேஷத்துக்கு அவரையும் பலமுறை அனுப்பியிருக்கிறார்கள். யாரும் கண்டுபிடித்ததில்லை. வேஷம் வருவது நின்ற பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் என் தங்கை வீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

ஆர்விலின் தொழில் சாவது. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்றால் யாராவது நல்லவன் ஒருவன் ஆரம்பத்திலேயே சாக வேண்டும். அந்த நல்லவன் ஆர்வில். குண்டடிபட்டு, குதிரையிலிருந்து விழுந்து, கிணற்றடியில் கத்திக்குத்து வாங்கி, இரண்டு முறை தூக்கில். குப்புற விழுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். குப்புற விழுந்தால் இயக்குநர்களுக்கு வசதி, முகத்துக்குத் தனியாக விளக்கு வைக்க வேண்டியதில்லை.

வெளியே அவரை எல்லோருக்கும் தெரியும். யாரென்றுதான் தெரியாது. ஒருநாள் கடையில் வாழைப்பழம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எங்க பல் டாக்டர்தானே?"

"ஆமாம்மா," என்றார் ஆர்வில். "இனிப்பக் கொறைங்க."

அவள் போன பிறகு, "ஏன்யா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"எவ்ளோ ஆசையா கேட்டாங்க பாத்தியா? இல்லன்னு சொல்ல மனசு வரல."

இந்த வரியை நான் கதைக்காக ஜோடித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். கடைசிப் பகுதிக்கு வசதியான வரி என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் அவர் சொன்னார்.

3

அவர் மனைவி கொரின். டவுனில் ஒரு பெரிய துணிக்கடையில் கையுறைப் பிரிவில் நின்றாள். வருகிறவன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுப்பதற்குள் அவன் அளவைச் சொல்லிவிடுவாள். எங்களுக்குப் பொழுது போகாத நாட்களில் பந்தயம் கட்டுவோம், ஜெயிக்க முடியாது. "மூஞ்சி பொய் சொல்லும் லெஸ். கை சொல்லாது," என்பாள்.

ஆர்விலின் ஒவ்வொரு படத்துக்கும் போவாள். அவர் திரையில் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மணிக்கட்டை அழுத்துவாள். பிறகு முன்வரிசையைத் தட்டி, "அந்தத் தொப்பிக்குப் பின்னால நிக்கறாரு பாருங்க, அவர் இவர்தான்," என்று காட்டுவாள். அவர்கள் திரும்பி இவரைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்புவதற்குள் ஆர்வில் செத்திருப்பார்.

ஒரு வசந்தத்தில் அவள், சமையலறைக் கதவின் நிலை வளைந்திருக்கிறது என்று சொன்னாள். ஆர்வில் பார்த்தார், அவருக்கு நேராகத்தான் தெரிந்தது.

"வளைஞ்சிருக்கு கிழவா. நடுவுல தொந்தி மாதிரி தள்ளிட்டு நிக்குது. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவர் கதவைக் கழற்றினார், நிலையை இழைத்தார், மறுபடி மாட்டினார். என்னையும் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை பிடிக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் வந்து பார்த்து, "இன்னும் வளைஞ்சிருக்கு," என்பாள். கடைசியில் அந்தக் கதவு நிஜமாகவே மூடாமல் போனது. இதையெல்லாம் வைத்து நாங்கள் அவளைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவள் கடையில் ஒருவருக்குக் கறுப்புக் கையுறை என்று கருநீலத்தைக் கட்டிக் கொடுத்தாள். சாவு வீட்டுக்குப் போட்டுக்கொள்ள வாங்கியவர். அவர் திரும்பி வந்து சத்தம் போட்டார். மறுநாள் கண் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் சொன்னது எளிமையாக இருந்தது. பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, நேரான நிலை வளைந்து தெரிந்ததும் அதனால்தான். ஓரங்கள் இருக்கும், நடு இருக்காது. வைத்தியம் இல்லை. கிறிஸ்துமஸ்வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கொரின் அழவில்லை. ஆர்வில் அழுதார், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, முட்டை பொரிப்பதுபோல.

"நிறுத்துடா கிழவா," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இத்தன வருஷமா மூலைல மூலைல உன்னத் தேடியிருக்கேன். ஒரு தடவ நடுவுல பாக்கணும். திரை பூரா உன் மூஞ்சி. அந்தக் கோணல் மூக்கோட. அதுக்கப்புறம் கண்ணு போனா போகட்டும்."

"என் மூஞ்சிய யாரு கொரி அவ்ளோ பெரிசா காட்டுவாங்க?"

"கேட்டுப் பாரேன்."

நாற்பது வருஷத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்கிறவர்களை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அவர் கேட்டார். எங்களுக்கு வேஷம் வாங்கித் தரும் ஏஜெண்டிடம் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு குளோசப் வேணும். வசனம் இல்லாட்டியும் பரவாயில்ல," என்றார்.

4

கிடைத்தது.

(இங்கே இரண்டு பக்கம் எழுதி அடித்திருக்கிறேன். எப்படிக் கிடைத்தது, யார் வரவேண்டியது, அவர் ஏன் வரவில்லை என்பதெல்லாம். உங்களுக்கு வேண்டாம். கிடைத்தது, அவ்வளவுதான். நல்ல செய்திகளை விளக்கினால் சந்தேகம் வருகிறது.)

படம் ஒரு கௌபாய் கதை. ஊரைவிட்டு ஓடிப்போய்க் கொள்ளைக்காரனான மகன், அம்மா செத்த பிறகு வீட்டுக்குத் திரும்புகிறான். மகன் வேஷம் பிரைஸ் ஹாலரன், பெரிய நட்சத்திரம். அப்பா வேஷம் ஆர்வில். ஒரே காட்சி, ஆனால் முழுக்க அவர் பேச்சு. மகன் வாயே திறப்பதில்லை, கேட்டுக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஊர் டாக்டர் நிற்பார். அது நான்.

பேச்சு இது. வாரக்கணக்கில் ஆர்வில் வீட்டில் கேட்டதால் எனக்கு மனப்பாடம்:

"உங்கம்மா தினம் கேப்பா, வர்றானா பாருன்னு. நான்தான் ஜன்னல்ல நிப்பேன். சாலைல ஒண்ணுமே இருக்காது. நான் சொல்வேன், தூசி தெரியுதுன்னு. குதிரையான்னு கேப்பா. குதிரை மாதிரிதான் இருக்கும்பேன். அப்படியே சிரிச்சிட்டுத் தூங்கிடுவா. கடைசி நாளும் கேட்டா. அன்னிக்கும் அதையேதான்டா சொன்னேன்."

கண் தெரியாமல் போகிற மனைவி, இல்லாத குதிரையைத் தெரிகிறது என்று சொல்கிற கணவன் வேஷம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கதையில் வைத்தால் எந்த ஆசிரியரும் வெட்டச் சொல்வார். நானும் வேறு வசனம் யோசித்துப் பார்த்தேன், கடன்பட்ட அப்பா, குடிகார அப்பா என்று. எதுவும் ஒட்டவில்லை. அந்தத் திரைக்கதையை நான் எழுதவில்லை என்பது மட்டுமே என் சமாதானம்.

கொரின் வீட்டில் மகன் இடத்தில் நின்று அவருக்கு ஒத்திகை கொடுப்பாள். அவர் முகத்துக்கு நேரே பார்க்காமல் காதுக்குப் பக்கத்தில் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால்தான் அவர் தெரிவார். "மூக்கு நல்லா இருக்கு," என்பாள் ஒவ்வொரு முறையும்.

5

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் காட்சி என்றால் முதலில் நட்சத்திரத்தின் முகத்தை எடுப்பார்கள். அப்போது காமிராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில், எங்கள் மாதிரி ஆள் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும், நட்சத்திரத்துக்குப் பிடிமானமாக இருக்க. பிறகு காமிராவைத் திருப்பி எங்கள் முகத்தை எடுப்பார்கள். அதற்குள் நட்சத்திரம் காரில் ஏறி வீட்டுக்குப் போயிருக்கும். யாரும் இதை அநியாயம் என்று நினைப்பதில்லை. காரில் ஏறுகிறவர்களும் நினைப்பதில்லை, நிற்கிறவர்களும் நினைப்பதில்லை.

மத்தியானம் ஹாலரனின் முகம். ஆர்வில் காமிராவை ஒட்டி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் ஹாலரனுக்குப் பின்னால் டாக்டராக நின்றேன், அதனால் ஆர்விலை நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படி எழுதுவது? ("அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார்" — அடித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.) அவர் குரலை உயர்த்தவில்லை. "தூசி தெரியுது" என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தார், அவளுக்காகச் சிரித்த சிரிப்பை மகனுக்குக் காட்டுவதுபோல. கண்ணீர் கன்னத்தில் இறங்கி அந்தக் கோணல் மூக்கில் வழி தெரியாமல் நின்றது. விளக்குப் பிடிக்கிறவன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காமிரா இதையெல்லாம் பார்க்கவில்லை. அது ஹாலரனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹாலரன் கண் கலங்கவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி. ஒவ்வொரு முறையும் ஆர்வில் முழுசாகக் கொடுத்தார். இடையில் தண்ணீர் குடிக்க வந்தவரை நான் ஓரமாக இழுத்தேன்.

"யோவ், அடக்கி வாசிய்யா. உன் முறைக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோ. சும்மா வசனத்தச் சொல்லு போதும்."

"அவன் அங்க வெறுங்கையோட நிக்கறானே லெஸ்."

"நிக்கட்டும். நீ யாருக்காக வந்த? கொரினுக்காகத்தானே?"

"எனக்கு அப்படிக் கொறச்சுப் பண்ணத் தெரியாதுப்பா," என்றார். தெரியாதுதான். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது, செத்த பிறகும்.

கடைசியில் ஹாலரன் அழுதார். அழகாக, ஒரு கண்ணில் மட்டும். எல்லோரும் கை தட்டினார்கள். "பின்னிட்டீங்க பெரியவரே," என்று ஆர்வில் தோளில் தட்டிவிட்டு அவர் காருக்குப் போனார்.

(இந்த இடத்தில் கதை திரும்பியிருக்கலாம். ஒரு பிரதியில் திருப்பியும் பார்த்தேன்: கார் கதவைத் திறந்த ஹாலரன் நிற்கிறார். யோசிக்கிறார். திரும்பி வருகிறார். புழுதியில் நின்று, "நான் இருக்கேன் பெரியவரே, நீங்க பேசுங்க," என்கிறார். நன்றாக வந்திருந்தது, வாசித்த என் தங்கை அழுதாள். கிழித்துப்போட்டேன். கார் போய்விட்டது.)

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மகன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை வைத்து, ஹாலரனின் கண் உயரத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டினார்கள்.

"சார், நான் அங்க நிக்கறேனே," என்றேன் இயக்குநரிடம்.

"வேணாம் புல்லக். உன் நிழல் விழுது."

ஆர்வில் அந்த டேப்பிடம் பேசினார். உள்ளே எதுவும் மிச்சமில்லை. வார்த்தைகள் சரியாக வந்தன, வறண்டு வந்தன. ஒரே தடவை எடுத்தார்கள். "போதும், பொழுது போச்சு," என்றார் இயக்குநர்.

ஆனால் எடுத்தார்கள். முகம் பிலிமில் விழுந்துவிட்டது, பெரிதாக, நடுவில். கொரினுக்கு நல்ல நடிப்பு வேண்டாம், முகம்தான் வேண்டும். திரும்பி வரும்போது காரில் ஆர்வில் சீட்டியடித்தார்.

6

டெல்மரை என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் பெயர் டெல்மர் இல்லை. "என் பேர மட்டும் மாத்திடு லெஸ்," என்று போனில் கேட்டுக்கொண்டார், மாற்றிவிட்டேன். எங்கள் படத்தின் ஒலிப்பதிவாளர். முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக, சோம்பேறியாக எழுதியிருந்தேன். ஒரு கெட்டவன் இருந்தால் உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஆனால் அவர் செய்தது அன்பினால் செய்தது.

வழக்கமாகக் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவன் குரலை யாரும் ஒழுங்காகப் பதிவு செய்வதில்லை. எதற்கு? தூரத்தில் முணுமுணுப்பாக விழும், பிறகு தூக்கிப் போட்டுவிடுவார்கள். அன்று டெல்மர் ஆர்விலின் பேச்சை ஒருமுறை கேட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல், அந்த மரப்பெட்டிக்கு மேலே இரண்டாவதாக ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். மறுநாள் சாயங்காலம் எங்களிடம் வந்து சொன்னார், கண்ணெல்லாம் மின்ன.

"ஹெட்போனக் கழட்டவே மனசு வரல ஆர்வில். உங்க ஒவ்வொரு மூச்சும் எங்கிட்ட இருக்கு. படத்த வெட்டற ஆளுங்ககிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துச் சொல்லிட்டேன். இந்தக் குரல அவர் குளோசப் மேல ஒட்டுங்கடான்னு. பாருங்க, எப்படி நிக்கப்போகுதுன்னு."

ஆர்வில் அவரைக் கட்டிக்கொண்டார்.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்கக் கஷ்டமில்லை. படத்தை வெட்டுகிற அறையில் ஒரு பக்கம் ஆர்விலின் அற்புதமான குரல். இன்னொரு பக்கம் இரண்டு முகங்கள்: ஒன்று அழுகிற ஹாலரன், மற்றது வறண்டுபோன ஆர்வில். அந்தக் குரலை எந்த முகத்தின் மேல் வைப்பீர்கள்? அந்தக் குரல் இல்லாமல் இருந்திருந்தால், வார்த்தைகளுக்காகவாவது ஆர்விலின் முகத்துக்குப் போயிருக்க வேண்டும். இருந்ததால் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

டெல்மர் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார், "அந்த மைக்கை நான் தொங்கவிடாம இருந்திருந்தா?" அப்படியே இருந்தாலும் ஆர்விலைக் கூப்பிட்டு மறுபடி பேச வைத்து ஹாலரன் முகத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். "இருக்கலாம்," என்பார். இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை.

பிற்பாடு ஹாலரனுக்கு அந்தக் காட்சிக்காகப் பரிசு கிடைத்தது. மேடையில் தன் குதிரைக்கு நன்றி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்விலும் டி.வி. முன்னால் உட்கார்ந்து சிரித்தார்.

7

படம் வெளிவருவதற்கு முன், கிளெண்டேலில் ஒரு தியேட்டரில் ஞாயிறு பகல் காட்சியாகப் போட்டுப் பார்த்தார்கள். கொரின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டாள். அதற்குள் அவள் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் ஓட்டை விழுந்திருந்தது. எதைப் பார்க்க வேண்டுமோ அதற்குப் பக்கத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்க வாசல் கதவின் விளக்கைப் பார்ப்பாள். இடப்பக்கம் ஆர்வில், வலப்பக்கம் நான், பின்வரிசையில் டெல்மர்.

"எப்ப வருவேன்னு முன்னாடியே சொல்லிடு கிழவா. கண்ண ரெடி பண்ணிக்கணும்."

"வீட்டுக்குள்ள அவன் நுழைஞ்சதும்."

ஹாலரன் வீட்டுக்குள் நுழைந்தார். இரண்டு பேரையும் சேர்த்து எடுத்த காட்சியில் ஆர்விலின் முதுகு ஒரு நொடி வந்தது. பிறகு குளோசப். திரை முழுக்க ஹாலரன். ஆர்விலின் குரல் ஆரம்பித்தது: "உங்கம்மா தினம் கேப்பா..."

தியேட்டர் அடங்கிப்போனது. அந்தக் குரல் அப்படி இருந்தது. கொரின் அவர் மணிக்கட்டை அழுத்துவதைப் பார்த்தேன். நாங்கள் காத்திருந்தோம். அடுத்த துண்டில் திருப்புவார்கள், அதற்கடுத்ததில் திருப்புவார்கள் என்று. திருப்பவில்லை. ஆர்விலுக்குப் புரிந்துவிட்டது. சீட்டில் மெல்லச் சரிந்தார், யாரோ அவருக்குள்ளிருந்து எதையோ உருவியதுபோல. எத்தனையோ படங்களில் அவர் செத்துப் பார்த்திருக்கிறேன், அப்படிச் சரிந்ததில்லை.

கொரின் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அவளுடைய ஓட்டை திரையின் நடுவில், ஹாலரன் மேலேயே விழுந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது திரையின் ஓரம். அந்த ஓரத்தில், ஹாலரனின் தோளுக்குப் பின்னால், மங்கலாக ஒரு வழுக்கைக் கிழவன். தொங்கும் கன்னம். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"தெரியுது!" என்றாள் கொரின். சத்தமாகவே சொன்னாள். "கிழவா, எனக்குத் தெரியுது. தொப்பியக் கைல வெச்சிட்டு நிக்கற."

ஆர்வில் திரையையே பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டை விடாமலே என் பக்கம் திரும்பினாள். என் காதுக்குப் பக்கத்தில் பார்த்தாள், அதாவது என்னைப் பார்த்தாள்.

"லெஸ், அவன்தானே?"

8

இந்த இடத்தில் நான் பலமுறை முடித்திருக்கிறேன்.

ஒரு முடிவில் "ஆமா கொரி, அவர்தான்" என்கிறேன். அவள் சிரிக்கிறாள், முன்வரிசையைத் தட்டுகிறாள், என் முகத்தைக் காட்டி அவர் பெயரைச் சொல்கிறாள். அந்தச் சிரிப்போடு அவள் பார்வை போகிறது. ஆர்வில் அதற்குப் பிறகு தன் வீட்டில், தன் மனைவி தன்னை நினைத்துப் பார்க்கும்போது என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டே மிச்சக் காலத்தை ஓட்டுகிறார்.

இன்னொரு முடிவில் "இல்ல" என்கிறேன். "அது நான். அவர் முகத்த வெட்டிட்டாங்க." உண்மை. அவளுக்கு நடுவில் ஓட்டை, ஓரத்தில் லெஸ்டர் புல்லக். கிறிஸ்துமஸுக்கு முன் அதுவும் அணைகிறது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. கொரின் கையைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள். தொப்பியைப் பிடித்திருந்தது என் கை. மங்கலாக இருந்தாலும் கை கைதான். அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்த கை இல்லை அது. ஒருவேளை கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஒருவேளை பக்கத்தில் சரிந்து கிடக்கும் மனுஷனுக்காக, அவர் காதில் விழட்டும் என்றுதான், "தெரியுது" என்று கத்தினாள். அப்படியென்றால் அவள் என்னிடம் கேட்டது என்ன? நான் ஆமாம் சொல்ல வேண்டும் என்றா, இல்லை, யாராவது ஒருத்தராவது உண்மை சொல்லட்டும் என்றா?

அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆர்வில் அவளிடம் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவரும் போய்விட்டார், என் முகத்தைப் போட்டுக்கொண்டு. அன்று நான் சொன்ன பதிலை முதல் பிரதியில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன், கீழே இருக்கும் எழுத்துத் தெரியாத அளவுக்கு. அது சரியான பதிலாக இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன். தப்பான பதிலாக இருந்திருந்தாலும் அடித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் இடத்தை உங்களுக்குத் தருகிறேன். உட்காருங்கள். திரையில் ஹாலரன் அழ ஆரம்பித்துவிட்டார். ஆர்விலின் குரல் தூசி தெரிகிறது என்கிறது. கொரின் உங்கள் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்வில் உங்களைப் பார்க்கிறார், சொல் என்கிறாரா சொல்லாதே என்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. காட்சி முடியப்போகிறது. அவள் மறுபடியும் கேட்கிறாள்.

"அவன்தானே?"